பறந்துபோகும் பசை

அன்புள்ள ஐயா,

பசைகளில் கரைப்பானாகச் சேர்க்கப்பட்டுவந்த பென்சீன், செல்லுக்குள் டி.என்.ஏ.வைத் தாங்கும் குரோமோசோம்களைச் சிதைத்து ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சென்ற கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். என் அப்பா 30 ஆண்டுகள் சைக்கிள் கடை வைத்து, சொல்யூஷன் என்னும் பசையைத் தடவிப் பஞ்சர் ஒட்டியவர். கடையை மூடி 12 ஆண்டுகள் ஆகின்றன, நலமாகவே இருக்கிறார். தடவிய இரண்டு நிமிடத்தில் காய்ந்து பறந்துவிடும் ஒன்று உடலுக்குள் போய்க் குரோமோசோமை உடைக்கும் என்பதை எப்படி நம்புவது?

கா.

அன்புள்ள கா.,

பறந்துவிடுவதுதான் சிக்கலே. பசையிலிருந்து பறந்தது அந்த அறையின் காற்றில்தான் கலக்கிறது. 1960களில் இஸ்தான்புல்லின் செருப்புத் தொழிலாளர்கள், காற்றோட்டமில்லாத சிறு அறைகளில் பென்சீன் கலந்த பசையோடு நாள் முழுவதும் வேலை செய்தார்கள். முசாஃபர் அக்சோய் என்ற ரத்தநோய் மருத்துவர் 1974இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் 28,500 தொழிலாளர்களில் 26 பேருக்குக் கடும் ரத்தப் புற்றுநோயோ அதற்கு முந்தைய நிலையோ இருந்தது. பொதுமக்களிடையே காணப்பட்டதைப் போல் இது ஏறத்தாழ இரு மடங்கு. உங்கள் அப்பாவைப் போல நலமாக இருந்தவர்கள் அங்கும் இருந்தார்கள், அவர்களே பெரும்பான்மை. அதனால் அந்த 26 பேரின் கணக்கு பொய்யாகிவிடவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பென்சீன் நேரடியாகக் குரோமோசோமைத் தொடுவதில்லை. எண்ணெய்ப் பசையுள்ள அந்தப் பொருளை நீரில் கரையச் செய்து சிறுநீரில் தள்ளுவதற்காகக் கல்லீரல் அதை ஃபீனாலாகவும் ஹைட்ரோகுயினோனாகவும் மாற்றுகிறது. பெரும்பகுதி வெளியேறிவிட, எஞ்சியதில் ஒரு பங்கு ரத்தத்தின் வழியே, ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையை அடைகிறது. அங்கே வளர்ந்துவரும் வெள்ளையணுக்களிடம் கிருமிகளைக் கொல்வதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது. அது ஹைட்ரோகுயினோனைப் பென்சோகுயினோனாக்கிவிடுகிறது. உடல் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் இரண்டு ஏற்பாடுகளும் சேர்ந்து நஞ்சைச் சமைத்துத் தருகின்றன என்பதை முதலில் படித்தபோது எனக்கே நம்பச் சற்று நேரம் பிடித்தது.

பென்சோகுயினோன் புரதங்களோடு ஒட்டிக்கொள்வது. செல் பிரியும்போது 46 குரோமோசோம்களின் நகல்களை இரு பக்கமும் இழுத்துப் பங்கிடும் புரத இழைகளில் அது ஒட்டினால் பங்கீடு பிசகி, ஒரு செல்லுக்கு 7ஆம் குரோமோசோம் ஒன்று குறையலாம், இன்னொன்றுக்கு 8ஆம் குரோமோசோம் ஒன்று கூடலாம். டி.என்.ஏ.வின் முறுக்கை அவிழ்ப்பதற்காக அதை வெட்டி மீண்டும் ஒட்டுகிற நொதியில் ஒட்டினால் வெட்டு ஒட்டாமலே நின்றுவிடும். அறுந்த முனைகள் வேறு குரோமோசோமோடு தவறாக இணையும். பென்சீனோடு புழங்கிய சீனத் தொழிலாளர்களை ஆராய்ந்தவர்கள், நோய் எதுவும் இல்லாதவர்களின் ரத்தத்திலேயே இத்தகைய மாற்றங்களைக் கண்டார்கள். மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களை உருவாக்கும் இடம். அத்தனை வேகமாகச் செல்கள் பிரியும் இடத்தில் பிசகு நேர வாய்ப்பு மிகுதி. பிசகிய செல்களில் பெரும்பாலானவை தாமே மடிந்துவிடுகின்றன. மடியாமல் பெருகும் ஒன்று யாருக்கு அமையும் என்பதில் தற்செயலுக்கும் பங்குண்டு.

உங்கள் அப்பா பயன்படுத்திய சொல்யூஷனில் பென்சீன் இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. பசைகளில் டொலுவீன் என்ற வேறொரு பொருளும் கரைப்பானாகச் சேர்க்கப்படுகிறது. வாசனையும் கிட்டத்தட்ட அதேதான். பென்சீனின் கார்பன் வளையத்தில் மெத்தில் தொகுதி என்னும் சிறு அணுக்கூட்டம் ஒன்று கூடுதலாக ஒட்டியிருப்பது மட்டுமே வேறுபாடு. கல்லீரல் பெரும்பாலும் வளையத்தை விட்டுவிட்டு அந்த மெத்திலையே பிடித்துக்கொண்டு, ஹிப்யூரிக் அமிலமாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. டொலுவீன் நரம்புகளைத் தாக்கும், அது வேறு கதை. ஆனால் மஜ்ஜையில் பென்சீன் செய்வதை அது செய்வதில்லை. இஸ்தான்புல்லிலும் பென்சீன் படிப்படியாகக் கைவிடப்பட்ட பின் நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்தது.

பென்சீனால் வரும் ரத்தப் புற்றுநோயின் அபாயம், அதோடு புழங்குவதை நிறுத்தி ஆண்டுகள் செல்லச் செல்லத் தணிகிறது. 12 ஆண்டுகள் கழிந்துவிட்டதால் அப்பாவை எண்ணி நீங்கள் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. மனம் கேட்கவில்லையென்றால் ஒருமுறை ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.