ஒரே கம்ப்ரஸர், மூன்று அறைகள்: ஸ்மார்ட் பிளக் வேண்டாம்

சிங்கப்பூரின் செங்காங்கில் நாலறை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் வசிக்கும் வாசகி ஒருவரின் கேள்வி இது: "வெளியே ஒரு கம்ப்ரஸர், உள்ளே மூன்று ஏர்கான். விடியற்காலையில் மாமியாருக்குக் குளிர் தாங்கவில்லை. பையன் ஏர்கானை அணைக்காமலேயே பள்ளிக்குப் போய்விடுகிறான். அறைக்கு ஒரு ஸ்மார்ட் பிளக் போட்டுக் கைப்பேசியிலிருந்தே கட்டுப்படுத்தலாமா?"

பிளக் வேண்டாம். உங்கள் வீட்டில் இருப்பது 'சிஸ்டம் 3', அதாவது ஒரு கம்ப்ரஸரில் மூன்று ஏர்கான். இதில் அறைக்குள் இருக்கும் யூனிட்டுக்குப் பொதுவாகக் கம்ப்ரஸரிலிருந்துதான் மின்சாரம் வருகிறது. சுவரில் செருக பிளக்கே இருக்காது. கம்ப்ரஸருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான ஐசொலேட்டரை அணைத்தால் மூன்று அறையும் சேர்ந்தே நின்றுவிடும். ஓடுகிற கம்ப்ரஸரைத் தினமும் அப்படி வெட்டி நிறுத்துவது அதற்கும் நல்லதில்லை.

வைஃபை வழியாகக் கைப்பேசி சொல்வதைக் கேட்டு, ரிமோட் செய்யும் வேலையை அகச்சிவப்புக் கதிரால் அப்படியே செய்கிற சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. கடையில் ஐஆர் பிளாஸ்டர் என்று கேளுங்கள். அதன் கதிர் சுவரைத் தாண்டாது, அதனால் அறைக்கு ஒன்று வேண்டும், ஏர்கானுக்கு நேர் எதிரே வைக்க வேண்டும். கூடவே அறைக்கு ஒரு வெப்பநிலை சென்சாரும் வாங்குங்கள். அதை ஏர்கான் காற்று நேராகப் படாத இடத்தில், கட்டில் உயரத்தில் ஒட்டுங்கள். உயரே இருக்கும் ஏர்கான் உணர்கிற சூடு வேறு, படுத்திருப்பவர் உணர்கிற சூடு வேறு.

இனி மாமியாரின் அறை. இங்கேதான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். ஏர்கான் ரிமோட் பொத்தானை ஒருமுறை அழுத்தினால், பெரும்பாலான மாடல்களில் 'ஆன், கூல், 25 டிகிரி, மெதுவான காற்று' என்று முழு நிலையும் ஒரே கட்டளையாகப் போகிறது. பெட்டியும் அப்படித்தான் அனுப்பும், ஆனால் ஏர்கானிடமிருந்து அதற்குப் பதில் எதுவும் வராது, அது ஓடுகிறதா அணைந்திருக்கிறதா என்று பெட்டிக்குத் தெரியாது. அதிகாலை 3 மணிக்கு 27 டிகிரிக்கு மாற்றும்படி நீங்கள் அமைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். 2 மணிக்கே குளிர்கிறது என்று மாமியார் எழுந்து அணைத்துவிட்டுப் படுத்தால், 3 மணிக் கட்டளை ஏர்கானை மறுபடியும் போட்டுவிடும்! அவருக்கு எப்படி இருக்கும்?

அதனால் அந்தக் கட்டளைக்கு ஒரு நிபந்தனை சேருங்கள்: சென்சார் 26 டிகிரிக்குக் கீழே காட்டினால் மட்டும் அனுப்பு. அணைத்த அறை நம் ஊர் வெக்கையில் மெல்லச் சூடேறிவிடும், அதனால் பெரும்பாலும் கட்டளை போகாது. அப்புறம், பழைய ரிமோட்டை அவர் கைக்கெட்டும் இடத்திலேயே விட்டுவையுங்கள். வயதானவர் அறையைக் கைப்பேசியை மட்டும் நம்பி விடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஏர்கான் இறக்கையையும் மேல்நோக்கித் திருப்புங்கள். குளிர்காற்று நேராக மேலே படுவது அதிலேயே குறையும்.

பையன் அறைக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. அவன் கிளம்பும் நேரத்துக்குப் பிறகு ஓர் 'ஆஃப்' கட்டளை போதும், பெரும்பாலான மாடல்களில் ஏற்கனவே அணைந்திருந்தாலும் பாதகமில்லை. அசைவு சென்சார் வைத்து அணைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சாதாரண அசைவு சென்சார், அசையாமல் தூங்குகிறவரை ஆளே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். படுக்கையறைக்கு அது சரிப்படாது. ஜன்னலில் ஒரு சென்சார் வைத்து, திறந்தால் ஏர்கான் நிற்கும்படி செய்வது பயனுள்ளது.

சிக்கனம் என்று பார்த்தால், தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்லும் 25 டிகிரி அல்லது அதற்கு மேல் வைத்து, கூடவே மின்விசிறியைச் சுழலவிடுவதுதான் பெரிய சேமிப்பு. ஆனால் பல டிசி மின்விசிறிகளின் ரிமோட் ரேடியோ அலையில் வேலை செய்யும். அதற்கு இந்தப் பெட்டி பயன்படாது. விசிறியையும் சேர்க்க நினைத்தால் ரேடியோ அலையும் அனுப்பக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

வைஃபை ரவுட்டரைப் பாம் ஷெல்ட்டருக்குள் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் வெடிகுண்டுக் காப்பறை) வைத்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். அந்தக் கனத்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் சிக்னலை விழுங்கிவிடும். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று அறைக்கும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். முதலில் மாமியார் அறையில் வைத்து இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். அவருக்குச் சரிப்பட்டால் மற்ற அறைகளுக்கு வாங்கலாம்.