இன்சுலின் போடச் சொல்லிக்கொடுத்து அனுப்பியும் நோயாளிகள் ஏன் திரும்ப வருகிறார்கள்?

கேட்டிருப்பவர் திருவாரூர்ப் பக்கம் அரசு மருத்துவமனையில் பயிற்சியில் இருக்கும் நர்சிங் மாணவி. டிஸ்சார்ஜ் அன்று எல்லாம் விளக்கியாகிறது, "சரிம்மா" என்று தலையாட்டுகிறார்கள், கொஞ்ச நாளில் சர்க்கரை ஏறியோ இறங்கியோ வந்து படுக்கிறார்கள் என்கிறார்.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதை முதலில் விடுங்கள். நர்சம்மா முகத்துக்கு நேரே "புரியல" என்று சொல்ல நம்மூரில் யாருக்கும் வாய் வராது. "நான் ஒழுங்கா சொன்னேனான்னு பாக்கணும்ய்யா, நாளைக்குக் காலையில எப்படிப் போடுவீங்க, செஞ்சு காட்டுங்க" என்று சிரிஞ்சைக் கையில் கொடுங்கள். கண் மங்கிய பெரியவருக்கு மருமகள்தான் போடப்போகிறார் என்றால் மகனிடம் விளக்குவது வீண், மருமகளை வரச்சொல்லுங்கள்.

செய்து காட்டும்போது சிரிஞ்சைக் கவனியுங்கள். அரசு மருத்துவமனைக் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. அது தீர்ந்து மெடிக்கலில் வாங்கும்போது மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சு கைக்கு வந்துவிடும். அதில் 40 யூனிட் குப்பி மருந்தை 20 வரை இழுத்தால் 0.2 மில்லி, உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறும், மருந்து கேட்கவில்லை என்று அளவைக் கூட்டுவார்கள். தலைகீழாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட், உயிருக்கே ஆபத்து. சீட்டில் வெறுமனே "20" என்று எழுதாமல் "40 குப்பி, சிவப்பு மூடி, காலை 20" என்று தமிழில் எழுதிக்கொடுங்கள். பழைய குப்பியையும் சிரிஞ்சையும் கடையில் காட்டி வாங்கட்டும்.

கலங்கலான 30/70 மருந்தை (சீக்கிரம் வேலை செய்யும் இன்சுலின் 30, மெதுவாக வேலை செய்வது 70 பங்கு கலந்தது) உள்ளங்கைகளுக்கு நடுவே 10 முறையாவது உருட்ட வேண்டும். குலுக்கினால் நுரைத்து, குமிழி சேர்ந்து அளவு குறையும். தொப்புளிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, தினமும் இடம் மாற்றிக் குத்த வேண்டும். வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் குத்துவார்கள். அங்கே தடித்துப்போய் மருந்து ஒழுங்காகச் சேராது. வயிற்றைத் தடவிப் பார்த்தாலே தெரியும்.

ஃபிரிட்ஜ் இருந்தால் கதவுப் பக்கம், ஃபிரீசரில் கூடாது. இல்லாத வீட்டில், சித்திரை வெயிலுக்கு ஈரமணல் நிரப்பிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டி, அதற்குள் மூடிய டப்பாவில் குப்பி. மணல் காயக்கூடாது. திறந்த குப்பி சுமார் 4 வாரத்துக்குத்தான்.

டெல்டாவில் அதிகம் கோட்டைவிடுவது சாப்பாட்டு நேரத்தில். "எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்றால் "எட்டு மணி" என்பார்கள். "நடவு நாள்ல?" என்று கேளுங்கள். விடிகாலையில் ஊசி போட்டுவிட்டு வயலில் இறங்கினால் சோறு வர பத்து மணி ஆகும். 30/70 போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை இறங்கிவிடும். அதனால் வரும் வியர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாவற்றையும் வெயில் என்று நினைத்து நிழலில் படுக்கவைத்துவிடுவார்கள். நேரம் ஒத்துவராது என்றால் டாக்டரிடம் சொல்லி மாற்றித்தரச் சொல்லுங்கள், அளவை நீங்களாக மாற்றாதீர்கள். மடியில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும்: 3 டீஸ்பூன் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை, தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108தான்.

நோயாளியின் உரிமை என்றால் சுவரில் ஒட்டிய அட்டவணை என்று நினைக்காதீர்கள். பக்கத்துக் கட்டிலில் அதே ஊர்க்காரர் இருக்கும்போது குடிப்பழக்கத்தை உரக்க விசாரித்தால் பொய்தான் வரும். தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். நினைவோடு பேசும் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றால் கையெழுத்து அவருடையது, மகன் போட்டால் போதும் என்பது வெறும் வழக்கம். "ஊசியே வேண்டாம்" என்பவரை அதட்டாமல் காரணத்தைக் கேளுங்கள். "ஆரம்பிச்சா சாகுறவரைக்கும் விடாது" என்ற பயமாக இருக்கும். பேசியும் மறுத்தால் டாக்டரிடம் சொல்லி, நோயாளி சொன்ன வார்த்தையிலேயே குறிப்பில் எழுதுங்கள். மருத்துவப் பதிவின் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. கேட்பவரை விரட்டாமல், எழுத்தில் மனு கொடுக்கச் சொல்லி எந்த அறைக்குப் போக வேண்டும் என்று காட்டுங்கள்.