அருகில் விளைந்ததை மட்டுமே சாப்பிட்டால் போதுமா?

கேள்வி: சில மாதங்களாகப் பக்கத்து விவசாயிகளிடம் மட்டுமே காய், கீரை, பழம் வாங்குகிறோம். அந்தந்தப் பருவத்தில் விளைவதைத்தான் சமைக்கிறோம். உறையவைத்த பட்டாணியை விட்டுவிட்டோம். பாக்கெட் உப்பையும் நிறுத்தி, அருகில் எடுக்கும் கல் உப்புக்கு மாறிவிட்டோம். செயற்கை இதய வால்வு பொருத்தியுள்ள அப்பா, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கும் இப்போது கீரை அதிகம். இது எல்லோருக்கும் நல்லதுதானே, டாக்டர்?

பதில்: முதலில் அப்பா. அவர் விஷயம் காத்திருக்கக் கூடாது. கீரையில் வைட்டமின் கே மிகுதி; அது வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். வரத்து மிகுந்த காலத்தில் தினமும் கீரை சாப்பிட்டால் வால்வில் ரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்து. வரத்து நின்றதும் ஒரேயடியாக விட்டால் ரத்தக்கசிவு ஆபத்து. அவர் கீரையை ஒதுக்க வேண்டாம், எல்லா வாரமும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடட்டும். உணவு மாறியதை அவருடைய மருத்துவரிடம் சொல்லி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள். மாத்திரை அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.

அடுத்தது உப்பு. பாக்கெட் உப்பை நிறுத்தியதும் அதில் சேர்த்திருக்கும் அயோடினும் நின்றுவிடுகிறது. மண்ணில் இல்லாத தாதுச்சத்து அதில் விளைந்த பயிரிலும் இருக்காது. சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதிகளில் மண்ணில் அயோடின் குறைவு. தலைமுறை தலைமுறையாக அங்கே கழுத்துக் கழலையும் குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சிக் குறைபாடும் இருந்தன. 1922-இல் அங்கே அயோடின் உப்பு புழக்கத்துக்கு வந்த பிறகுதான் அவை குறைந்தன. கடல்நீரில் எடுத்த உப்பிலும் இயல்பாக இருக்கும் அயோடின் மிகக் குறைவே. தைராய்டு காரணமாக மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, அயோடின் உப்புக்கே திரும்புங்கள். வீட்டில் கர்ப்பிணியோ சிறு குழந்தையோ இருந்தால் இது இன்னும் முக்கியம்.

இந்த இரண்டும் போக, நீங்கள் செய்வது நல்ல காரியம். கீரையைப் பறித்த நொடியிலிருந்தே அதிலுள்ள வைட்டமின் சி குறையத் தொடங்குகிறது. ஃபோலேட் என்ற பி வைட்டமினும் மெல்ல அழிகிறது. வெயிலிலும் வெப்பத்திலும் கிடந்தால் இழப்பு வேகமாகும். காலையில் பறித்து மாலையில் சமைக்கிற கீரைக்கு நாள்கணக்கில் பயணம் செய்த கீரை ஈடாகாது. பழத்திலும் வேறுபாடு தெரியும். தூரம் போகவேண்டிய தக்காளியைக் காயாகப் பறித்துத்தான் பழுக்கவைக்க வேண்டியிருக்கிறது. செடியிலேயே கனிந்ததன் சுவை அதில் இருக்காது. நிலையாக வாங்க ஆள் இருந்தால்தான் விவசாயி, அடிபடாமல் லாரியில் போகும் ரகங்களை விட்டு, தோல் மெல்லிய, சுவையான ரகங்களைத் துணிந்து பயிரிடுவார். உங்கள் பணம் அதற்கும் உதவுகிறது. சுவையாக இருந்தால் குழந்தைகள் காய் சாப்பிடுவார்கள் என்பதையும் மருத்துவ லாபமாகவே நான் கணக்கில் வைக்கிறேன்.

ஆனால் பட்டாணியை ஏன் விட்டீர்கள்? பறித்த சில மணி நேரத்தில் வெந்நீரில் காட்டி உறையவைத்த பட்டாணியில் சத்து நன்றாகவே தங்கும். அலமாரியில் நாலைந்து நாள் கிடந்த ‘புதுக் காய்’ அதற்குப் பின்னால்தான் நிற்கும். பெரியவர் ஒருவர் நாளுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனி சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிழங்குகள் அந்தக் கணக்கில் சேராது. விளைச்சல் குறைந்த வாரங்களில் இந்த அளவு எட்டாவிட்டால் உறைந்த காயோ வெளியூர்ப் பழமோ தயங்காமல் வாங்குங்கள். நார்ச்சத்தும் தாது உப்புகளும் பயணத்தில் பெரிதாகக் குறைவதில்லை.

பக்கத்தில் விளைந்தது என்பதாலேயே பூச்சிமருந்து இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மருந்து அடித்த பிறகு பறிக்கும் வரை இத்தனை நாள் விடவேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. எப்போது அடித்தீர்கள், எப்போது பறித்தீர்கள் என்று விவசாயியிடமே கேளுங்கள். நேரில் வாங்குவதால் உங்களுக்கு அந்த வசதி இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும், நறுக்குவதற்கு முன்பே, ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம்.