ஒன்பது பக்க மகஜர்

அன்புள்ள ஐயா,

எங்கள் அமைப்புக்கு வருகிற மாதம் ஒரு மேற்கு நாட்டுத் தூதரகக் குழுவைச் சந்திக்க 40 நிமிடம் தந்திருக்கிறார்கள். போன முறை வந்த குழு கொழும்புக்குத் திரும்பிய பிறகு, "பாதுகாப்பு ஒத்துழைப்பு, பொலிஸ் துறை, மனித உரிமைக் கரிசனைகள் குறித்துக் கலந்துரையாடப்பட்டது" என்று பேப்பரில் ஒரு வரி வந்தது. அதோடு சரி. அடிக்கிற பொலிஸுக்குப் பயிற்சியும் கொடுத்துக்கொண்டு அடி வாங்கினவர்களிடம் வந்து குறை கேட்பதில் என்ன அர்த்தம்? எங்கள் ஆட்கள் 14 கோரிக்கைகளோடு 9 பக்க மகஜர் எழுதி முடித்துவிட்டார்கள். கொடுத்துப் பயன் உண்டா, அல்லது போகாமலே விடலாமா?

சி., கோண்டாவில்

அன்புள்ள சி.,

போங்கள். மகஜரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

நீங்கள் சொல்லும் முரண் உண்மை, ஆனால் புதிதல்ல. 2013 நவம்பரில் கொழும்பில் பொதுநலவாய மாநாடு நடந்தபோது பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரன் யாழ்ப்பாணம் வந்தார், நூலகத்துக்குப் போனார், உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார், விசாரணை வேண்டும் என்றார். அதே மாநாட்டுக்கு வந்த அவுஸ்திரேலியப் பிரதமர் டோனி அபொட் இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துப் படகுகள் தருவதாக அறிவித்தார். எங்கள் கரையிலிருந்து படகேறுகிறவர்களை இங்கேயே மறிக்க அவை உதவும் என்பது கணக்கு. கமரனுடைய நாட்டிலும் கதை வேறில்லை. ஸ்கொட்லாந்துப் பொலிஸ் பல ஆண்டுகள் இலங்கைப் பொலிஸுக்குப் பயிற்சி கொடுத்தது.

தூதரகத்துக்குள் இவை இரண்டும் வெவ்வேறு மேசைகள். பாதுகாப்பு இணைப்பதிகாரியின் கோப்பில் கடல் கண்காணிப்பு, போதைப்பொருள், ஆட்கடத்தல் இருக்கும். அரசியல் பிரிவு அதிகாரியின் கோப்பில் பயங்கரவாதத் தடைச் சட்டம், காவல் மரணம், காணாமலாக்கப்பட்டோர் இருக்கும். இரு தரப்புப் பேச்சில் இரண்டாவது கோப்பைத் திறக்கும்போது தேநீர் வந்துவிடும். பிறகு இரண்டு பத்திரிகைக் குறிப்புகள் வெளிவரும். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். தூதரகக் குறிப்பில் இருக்கிற மனித உரிமை வாக்கியம் அமைச்சின் குறிப்பில் பெரும்பாலும் இருக்காது. இரண்டிலும் இருந்தால் மேசையில் ஏதோ நடந்திருக்கிறது. "வெளிப்படையான கலந்துரையாடல்" என்று எழுதியிருந்தால் அவர்கள் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

ஆனால் இந்த இரண்டு கோப்பும் கட்டாயம் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு. யாருக்குப் பயிற்சி, எந்தப் பிரிவுக்கு உபகரணம் என்று முடிவெடுக்கும் முன் நடக்கிற பின்னணிச் சோதனைதான் அது. உங்கள் 40 நிமிடத்தின் பெறுமதி முழுவதும் அங்கேதான்.

அமெரிக்காவில் இதற்கு லேஹி சட்டம் இருக்கிறது. சித்திரவதை, சட்டத்துக்குப் புறம்பான கொலை, வலிந்து காணாமலாக்கல், அதிகாரத்தின் பேரில் செய்யும் பாலியல் வன்முறை ஆகியவற்றில் ஈடுபட்டதாக நம்பகமான தகவல் இருக்கிற பிரிவுக்கு அமெரிக்க உதவி போகக் கூடாது. பயிற்சிக்குத் தெரிவாகிறவரின் பெயரும் பார்க்கப்படும், அவருடைய பிரிவும் பார்க்கப்படும். சோதனை கொழும்புத் தூதரகத்தில் தொடங்கி வொஷிங்டனில் முடியும். காசு கொடுத்து வாங்கும் ஆயுதத்தை இது தடுக்காது, அந்த ஓட்டை பெரியது. பிரித்தானியா 2011 முதல் வைத்திருப்பது சட்டம் அல்ல, வழிகாட்டல்தான். வெளிநாட்டுப் பொலிஸுக்கோ படைக்கோ உதவும் முன் அந்த உதவி உரிமை மீறலுக்குத் துணைபோகுமா என்று எழுத்தில் மதிப்பிட வேண்டும், ஆபத்து அதிகமென்றால் அமைச்சர் வரை போக வேண்டும். அந்தப் பத்திரம் எழுதுகிற அதிகாரிக்குக் கையில் எதுவும் இல்லாவிட்டால் "ஆபத்து குறைவு" என்று எழுதிவிட்டுப் போவார். ஸ்கொட்லாந்துப் பொலிஸ் தன் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று 2021 நவம்பரில்தான் அறிவித்தது. அவ்வளவு காலம் எடுத்தது.

இப்போது உங்கள் மகஜருக்கு வருவோம். "பொலிஸார் மக்களைத் துன்புறுத்துகின்றனர்" என்ற வரி இந்தச் சோதனையில் எதனோடும் பொருந்தாது. தேடப்படுவது பிரிவு. பொலிஸ் என்றால் எந்த நிலையம், நிலையத்துக்குள் எந்தக் கிளை, குற்றத் தடுப்பா, போக்குவரத்தா. சிவில் உடையில் வந்தவர்கள் தங்களைப் பயங்கரவாதப் புலனாய்வு என்று சொன்னார்களா, விசேட அதிரடிப்படை என்றார்களா. இராணுவம் என்றால் எந்த முகாம். "ஆமி" என்று மட்டும் எழுதினால் அந்தத் தாள் அலமாரிக்குப் போகும்.

ஆகவே 14 கோரிக்கைகளை விட்டுவிட்டு மூன்று சம்பவம் எடுங்கள், கடந்த இரண்டு வருடத்துக்குள் நடந்தவையாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், ஆங்கிலத்தில். தேதி, நேரம், இடம், நிலையத்தின் பெயர், பொறுப்பதிகாரியின் பெயர் அந்தப் பக்கத்தின் மேற்பகுதியிலேயே இருக்க வேண்டும். கான்ஸ்டபிளின் பெயர் தெரியாவிட்டால் சீருடையில் இருக்கிற இலக்கம் போதும், அது பெயரை விட நல்லது. சிங்களப் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம், இலக்கத்தை ஒரு விதமாகத்தான் எழுதலாம். ஜீப்பின் இலக்கமும் அப்படித்தான். பின்னால் ஆவணங்கள்: முறைப்பாட்டுப் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழு யாழ். அலுவலகத்தின் முறைப்பாட்டு இலக்கம், நீதவான் நீதிமன்ற வழக்கு இலக்கம், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை.

பெரும்பாலான கோப்புகள் சாகிற இடம் அந்த அறிக்கைதான். சட்ட வைத்தியப் பரிசோதனைக்கான படிவத்தை வழக்கமாகக் கொடுப்பது பொலிஸ். அடித்தவரே படிவம் தர வேண்டும் என்றால் அவர் தருவாரா? நாலு நாள் கழித்து விடுவார்கள், வீக்கம் வடிந்திருக்கும். எனவே விட்ட அன்றே பெரியாஸ்பத்திரிக்குப் போய், விழுந்தது என்று சொல்லாமல் பொலிஸ் அடித்தது என்று வைத்தியரிடம் சொல்லி விடுதியில் சேர வேண்டும். அது நோயாளியின் குறிப்பில் எழுதப்படும். அங்கிருந்து சட்ட வைத்திய அதிகாரியிடம் போகலாம். பயத்தில் "மோட்டார் சைக்கிளால் விழுந்தேன்" என்று சொன்ன ஒரு வரி பிறகு நீதிமன்றத்தில் எதிரியின் சாட்சியாக நிற்கும்.

2016 ஒக்ரோபரில் கொக்குவில் குளப்பிட்டியில் பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்ததை நினைத்துப் பாருங்கள். முதலில் விபத்து என்றுதான் கதை வந்தது. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரிந்த பிறகுதான் ஐந்து பொலிஸார் கைதானார்கள்.

இன்னொரு ஓட்டை, முறைப்பாட்டுப் புத்தகம். நீங்கள் தமிழில் சொல்வதை அங்கே சிங்களத்தில் எழுதி, கீழே கையெழுத்து வைக்கச் சொல்வார்கள். தமிழில் எழுதும்படி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. எழுத ஆள் இல்லை என்றால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையால் "எனக்கு வாசித்து விளங்கப்படுத்தவில்லை" என்று தமிழில் எழுதிவிட்டு ஒப்பமிடுங்கள். பக்க இலக்கத்தையும் பந்தி இலக்கத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அறிவித்தார்களா என்று ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். "அறிவிக்கப்படவில்லை" என்று ஒரு கடிதம் வந்தால், தூதரகத்துக்கு அது உங்கள் 9 பக்கத்தை விடப் பெறுமதி. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் தவணை என்பதையும் வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள். தூதுவர் வரும் வரை அந்த மாதம் காத்திருக்காது.

இவ்வளவு கடதாசி எதற்கு என்று உங்கள் ஆட்கள் கேட்பார்கள். மிருசுவில் படுகொலை வழக்கைச் சொல்லுங்கள். 2000 டிசம்பரில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் தப்பி வந்து இடத்தைக் காட்டியதால் வழக்கு நின்றது. 2015இல் இராணுவச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை, 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்பு. ஆனால் தீர்ப்பு அழியவில்லை. 2021 டிசம்பரில் அமெரிக்கா அவர் நாட்டுக்குள் நுழையத் தடை விதித்தது, 2023 ஜனவரியில் கனடா பொருளாதாரத் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஒரு சார்ஜன்ட் பெயர் இந்தப் பட்டியல்களில் ஏறியதற்கு, என் கணிப்பில், வழக்கேட்டில் அந்தப் பெயர் இருந்ததுதான் காரணம்.

சந்திப்பு நாளுக்குச் சில விஷயங்கள். பாதிக்கப்பட்டவரை எல்லோரும் இருக்கிற மேசைக்குக் கூட்டிப்போக வேண்டாம். அரசியல் பிரிவு அதிகாரியிடம் தனியாகப் பத்து நிமிடம் கேளுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இதை அரசாங்கத்திடம் காட்டலாமா, தலைநகருக்கு மட்டும் அனுப்பலாமா, பெயரை மறைக்க வேண்டுமா என்று எழுதுங்கள், சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டு. எழுதாவிட்டால் அதிகாரி தானாக முடிவெடுப்பார். சந்திப்பு முடிந்த கிழமை "ஆர் வந்தது, என்ன கதைச்சனீங்கள்" என்று சிவில் உடையில் ஆள் வந்தால் தேதி, நேரம், தொலைபேசி இலக்கத்தோடு அதையும் அந்த அதிகாரிக்கு அன்றைக்கே மின்னஞ்சல் செய்யுங்கள். அதுவும் ஒரு சம்பவம்தான்.

கேள்வியாக ஒன்று மட்டும் கேளுங்கள்: வட மாகாணத்தின் எந்தப் பொலிஸ் நிலையங்களைச் சேர்ந்தவர்கள் உங்கள் பயிற்சிக்குப் போயிருக்கிறார்கள்? பதில் சொல்ல மாட்டார்கள். பரவாயில்லை, அதே கேள்வியைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் பொலிஸ் தலைமையகத்திடம் கேட்டு விண்ணப்பம் போடுங்கள். 14 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். தேசியப் பாதுகாப்பு என்று மறுத்தால் 14 நாளுக்குள் மேன்முறையீடு, அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. எண்ணிக்கையை மட்டும் கேட்டால் மறுப்பது கஷ்டம், பெயர்களைக் கேட்டால் சுலபம்.

குழுப்படம் எடுக்கக் கூப்பிடுவார்கள். அமைப்பின் தலைவரும் செயலாளரும் நின்றால் போதும். அந்த மூன்று பக்கத்தில் பெயர் இருக்கிற எவரும் படத்தில் வர வேண்டாம்.