அச்சுக் காசையும் நான்தான் கட்ட வேண்டுமா?

கேள்வி: 12 சிறுகதைகளைத் தொகுத்து வைத்திருக்கிறேன். சென்னைப் பதிப்பகம் ஒன்று வெளியிடச் சம்மதித்தது. ஆனால் 300 பிரதிக்கான அச்சுச் செலவை நான் முதலே கட்ட வேண்டுமாம். மட்டக்களப்பில் தெரிந்த அச்சகத்தில் நாமே போடுவோம் என்கிறார் கணவர். "சொந்தமாகப் போட்டால் யாரும் எடுக்காத புத்தகம் என்று நினைப்பார்கள்" என்கிறார் ஒரு மூத்த எழுத்தாளர். என்ன செய்யட்டும்?
- ஓர் ஆசிரியை, திருக்கோவில்

பதில்:

அன்புத் தங்கச்சி,

உங்கள் கணவர் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பதிப்பாளர் என்பவர் உங்கள் கதைகளை வாசித்து, இது வர வேண்டிய புத்தகம் என்று நம்பித் தன் காசைப் போடுகிறவர். விற்காவிட்டால் நட்டம் அவருக்கு. விற்றால் உங்களுக்கு ராயல்டி, அதாவது எழுதினவருக்கான பங்கு. தமிழில் வழக்கமாகப் பேசப்படுவது விலையில் 10 சதவீதம். உங்களிடமே அச்சுக் காசைக் கேட்கிறவர் அந்த நட்டத்தை உங்கள் தலையில் வைத்துவிட்டார். அப்படி வருவதும் சொந்த வெளியீடுதான், முதல் பக்கத்தில் மட்டும் வேறொரு பெயர் இருக்கும். காசு உங்களுடையது என்றால் பிரதிகளும் உரிமையும் உங்களிடம் இருக்கட்டுமே.

அந்த மூத்த எழுத்தாளர் உங்கள் நன்மைக்குத்தான் சொல்லியிருப்பார். ஆனால் நம் வீட்டு அலுமாரிகளில் இருக்கும் ஈழத்து நூல்களை எடுத்துப் பாருங்கள். எழுதினவர் காசில், கூட்டாளிமார் காசில், ஊர்ச் சங்கத்தின் காசில் வந்தவை எத்தனை! மல்லிகை இதழை நடத்திய எழுத்தாளர் டொமினிக் ஜீவா மல்லிகைப் பந்தல் என்று தானே ஒரு வெளியீட்டை நடத்தினார். எஸ்.பொ. என்று நாம் அறிந்த எழுத்தாளர் எஸ். பொன்னுத்துரை சென்னைக்கே போய் மித்ர பதிப்பகத்தைத் தொடங்கினார். இவர்களை யாரும் எடுக்கவில்லை என்று சொல்ல முடியுமா?

அதற்காகப் பதிப்பகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல பதிப்பகத்தில் கதையைக் கூர்மையாக வாசித்துத் திருத்தும் ஒருவர் இருப்பார். ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் புத்தகம் மேசைக்கு வரும். நம் ஊர் எல்லைக்கு வெளியே உள்ள வாசகரிடம் போவது சின்ன விடயம் இல்லை. ஆகவே அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: கதைகளை யார் செம்மைப்படுத்துவார்? 300 பிரதியில் உங்கள் கைக்கு எத்தனை வரும், அனுப்பும் கூலி யாருடையது? விற்ற கணக்கை எப்போது தருவார்கள்? தெளிவான பதில் வந்தால் யோசிக்கலாம்.

உரிமை விடயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நம் நாட்டில் பதிப்புரிமை எழுதினவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். உங்கள் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும் சொத்து அது. "அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால், மின்னூலும் மொழிபெயர்ப்பும் மறுபதிப்பும் அதற்குள் போய்விடும். இந்தப் பதிப்புக்கு மட்டும், இத்தனை வருடத்துக்கு மட்டும் என்று எழுதித் தந்தால் ஒழியக் கையெழுத்து வைக்க வேண்டாம்.

சொந்தமாகப் போடுவது என்று முடிவெடுத்தால், முதல் செலவு அச்சகத்துக்குப் போகக் கூடாது. நல்ல வாசகர் ஒருவரைப் பிடித்து, கூலி கொடுத்தாவது செம்மைப்படுத்துங்கள். அவர் நம் பக்கத்துப் பேச்சை அறிந்தவராக இருக்க வேண்டும். உங்கள் கதையில் ஒரு கிழவி "மறுகா வாறன்" என்று சொன்னால் அதை "பிறகு வருகிறேன்" என்று மாற்றாதவராக இருக்க வேண்டும். அதே நேரம், இரண்டு கதையை எடுத்துவிடுங்கள் என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லவும் வேண்டும். சொந்த வெளியீடுகளுக்குக் கெட்ட பெயர் வந்தது இந்த வேலையைத் தவிர்த்ததால்தான். எழுத்துப் பிழையும் ஒழுங்கில்லாத பக்க அமைப்பும் மலிந்த ஒரு நூலைப் பார்க்கும்போது, எழுதினவருக்காக எனக்கு மனம் நோகும். எத்தனை வருட உழைப்பு! அச்சுப் பிழை பார்த்து ஒப்புநோக்குவதையும் நீங்களே செய்யாதீர்கள். எழுதின கண்ணுக்குப் பிழை தெரியாது.

அச்சில் ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் அடித்து மடிக்கும் பக்கங்களின் தொகுதி, பெரும்பாலும் 16 பக்கம். அதனால் 160, 176 என்று 16இன் மடங்கில் முடியும்படி பார்த்துக்கொண்டால் வெற்றுத்தாள் வீணாகாது. பிளேட் செய்து அடிக்கும் ஓப்செட் அச்சில் அந்த பிளேட்டின் செலவு முதலே வந்துவிடுவதால், "ஆயிரம் போட்டால் ஒன்றின் விலை குறையும்" என்பார்கள். உண்மைதான், ஆனால் மிச்சம் எழுநூறையும் கறையானிடமிருந்து காப்பது நீங்கள்தான். இருநூறு, முந்நூறு போதும். தீர்ந்தால் டிஜிட்டலில் ஐம்பது ஐம்பதாகப் போடலாம். நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் பெறுங்கள். நூல் வெளியிட எழுத்தாளருக்கு உதவும் திட்டமும் அங்கே உண்டு, அதையும் விசாரியுங்கள்.

விற்பனையில்தான் மெனக்கெட வேண்டும். கடைகளுக்குக் கொடுத்தால் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கழிவாகக் கேட்பார்கள். காசு வரவும் மாதக்கணக்காகும். நம் பக்கத்தில் போட்ட முதலைத் திருப்பித் தருவது வெளியீட்டு விழாதான். முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் பெற வருகிறவர்கள் கவரில் வைத்துத் தருவது அன்பளிப்பு, அதை வாங்க வெட்கப்பட வேண்டாம். ஆனால் விழாவுக்கே அச்சுக்கூலி அளவு செலவழித்துவிடாதீர்கள். மாலையும் பொன்னாடையும் குறையட்டும். ஆறு பேர் பேசுவதற்குப் பதில், புத்தகத்தை உண்மையாகவே வாசித்த ஒருவர் நயவுரை செய்யட்டும். ஐம்பது பிரதியைத் தனியே எடுத்து வைத்து, அக்கரைப்பற்று, கல்முனை, களுவாஞ்சிகுடி என்று வழிநெடுக உள்ள பாடசாலை நூலகங்களுக்கும் பொது நூலகங்களுக்கும் கொடுங்கள். ஆசிரியையான உங்களுக்கு அந்தக் கதவுகள் இலகுவாகத் திறக்கும்.

நாளையும் பார்த்து வையுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் நம் பக்கம் வெள்ளம் வந்தால் மண்டபத்துக்கு ஆள் வராது. தைப்பொங்கல் கழிய வைத்தால் நல்லது. அதற்கு இப்போதே செம்மைப்படுத்த ஆளைத் தேடத் தொடங்குங்கள்.