பைத்தானில் ஆப்ஜெக்டை பிரிண்ட் செய்தால் வாசிக்கக்கூடியதாக வர என்ன வழி?

ஒவ்வொரு கிளாஸுக்கும், ஆப்ஜெக்டை எழுத்தாக மாற்றிக் காட்டும் ரெப்ர் (__repr__) ஃபங்ஷனைக் கையால் எழுதி அலுத்துவிட்டது, சுலபமான வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. பைத்தான் 3.7இலிருந்து (2018) டேட்டாகிளாஸ் கூடவே வருகிறது. கிளாஸின் தலையில் @dataclass என்ற ஒரு வரியைப் போட்டு, ஃபீல்டுகளை (கிளாஸ் வைத்திருக்கும் தகவல்களை) அவற்றின் டைப்போடு எழுதினால் ரெப்ர் தானாக வந்துவிடும்.

இதை நான் படித்தது ஒரு இரவில். கொழும்பில் பஸ் டிக்கெட் பதியும் மென்பொருள் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் ஒரே சீட் இரண்டு பேருக்குப் போய்விட்டது. வெள்ளவத்தையில் இரண்டு பேரும் டிக்கெட்டோடு நிற்கிறார்கள். லாக்கை, அதாவது மென்பொருள் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்தால் வரிசையாக 'டிக்கெட் ஆப்ஜெக்ட்', பக்கத்தில் மெமரி முகவரி, அவ்வளவுதான். இத்தனைக்கும், ஆப்ஜெக்டைத் தனியாக பிரிண்ட் செய்தால் பயன்படும் எஸ்டிஆர் (__str__) ஃபங்ஷன் எழுதி வைத்திருந்தோம். ஆனால் லிஸ்டை பிரிண்ட் செய்யும்போது பைத்தான் உள்ளே இருப்பவற்றுக்கு ரெப்ரைத்தான் கூப்பிடும்; எஸ்டிஆரைத் திரும்பியும் பார்க்காது.

டேட்டாகிளாஸ் போட்டுத் திரும்ப ஓட்டினேன். ஒரு வரியில் டிக்கெட்(சீட்=14), இன்னொன்றில் டிக்கெட்(சீட்='14'). பிழை அந்த மேற்கோள்குறியில் இருந்தது. இணையத்தில் பதிந்த சீட் எண்ணாகவும், கவுண்டரில் பதிந்தது ஸ்ட்ரிங்காகவும் வந்திருக்கின்றன. இரண்டும் சமமில்லை, அதனால் சீட் காலி என்று சிஸ்டம் முடிவு செய்துவிட்டது. சாதாரணமாக பிரிண்ட் செய்திருந்தால் இரண்டும் 14 என்றே தெரிந்திருக்கும்.

ஆகவே கையால் எழுத வேண்டி வந்தாலும் எஃப்-ஸ்ட்ரிங்கில் (மதிப்புகளை உள்ளேயே வைத்து எழுதும் ஸ்ட்ரிங்) ஃபீல்டின் பெயருக்குப் பின்னால் ஆச்சரியக்குறியும் ஆர் எழுத்தும் (!r) போடுங்கள். மேற்கோள்குறி, கடைசியில் ஒட்டிக்கொண்ட வெற்றிடம் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். நீங்களே எழுதிய ரெப்ர் இருந்தால் டேட்டாகிளாஸ் அதைத் தொடாது.

பழைய கிளாஸில் டேட்டாகிளாஸைப் போடுகிறீர்களா? கொஞ்சம் கவனம். அது சமம் பார்க்கும் ஃபங்ஷனையும் சேர்த்தே உருவாக்கும். அப்புறம் அந்த ஆப்ஜெக்டை செட்டுக்குள் (ஒன்றே இருமுறை வராத தொகுப்பு) போட்டால் எரர் வரும். ரெப்ர் மட்டும் போதுமென்றால் 'ஈக்யூ' என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள் (eq=False).

இன்னொன்று, பயணியின் அடையாள அட்டை இலக்கம் மாதிரி ஃபீல்டுகளுக்குத் தனியாக ரெப்ர் ஃபால்ஸ் (repr=False) கொடுங்கள்; அப்போது அவை பிரிண்டில் வராது. நாங்கள் அதை இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தோம். அதற்குள் லாக் முழுவதும் அந்த இலக்கங்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தோம்.