"நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்கிறது ஐடி கம்பெனியின் எச்.ஆர். (மனிதவளப் பிரிவு). கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். குறைந்தபட்சம் அவர்கள் கூப்பிட்டு உட்கார வைக்கும் அறைக்குள் வைத்துக் கொடுக்காதீர்கள்.

உங்களைச் சில மாதமாக எந்த ப்ராஜெக்டும் தராமல் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள், அப்ரைசல் ரேட்டிங்கும் திடீரென்று இறங்கியிருக்கும். எனக்கும் அதேதான். 2017, சோழிங்கநல்லூரில் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று என் எம்ப்ளாயி நம்பரோடு பிரின்ட் எடுத்த தாள், பக்கத்தில் மூடி கழற்றிய பேனா. கையெழுத்துப் போட்டால் ரிலீவிங் லெட்டரும் இரண்டு மாதச் சம்பளமும். இல்லையென்றால் டெர்மினேஷன், அப்புறம் எங்கேயும் வேலை கிடைக்காது என்றார் எச்.ஆர். பெண். "அனுப்புவதென்றால் நீங்களே காரணம் எழுதி அனுப்புங்கள் மேடம்" என்றேன். சாயங்காலம் என் கார்டுக்குக் கதவு திறக்கவில்லை.

சூட்சுமம் இதுதான். நீங்களாக விலகினால் அது ஆட்குறைப்பே ஆகாது. ஆட்குறைப்பு என்றால், அப்போதிருந்த 1947 தொழில் தகராறு சட்டப்படி, ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். ஒரே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போகவேண்டும். அந்த வரிசையை மாற்றினால் காரணத்தைப் பதிவு செய்யவேண்டும். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, அதிலும் இவை இருக்கின்றன.

"ஐடிக்காரன் எப்போது தொழிலாளி ஆனான்?" என்று கிளம்பி வருவார்கள், தெரியும். இந்தப் பாதுகாப்பு தொழிலாளிக்குத்தான், ஆனால் யார் தொழிலாளி என்பதற்குச் சட்டம் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை, செய்த வேலையைப் பார்க்கிறது. நான் பெயருக்குத்தான் டீம் லீட். ஒருவருக்கு லீவு கொடுக்கும் அதிகாரம்கூடக் கிடையாது, நாள் முழுக்க புரோகிராம் எழுதினேன். நிஜமான மேனேஜர்களுக்கு நான் சொல்வது பொருந்தாது.

தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு போட்டேன். கம்பெனி வக்கீல் வாய்தாமேல் வாய்தா வாங்கி, கடைசியில் பணம் கொடுத்து முடித்தார்கள். வேலை திரும்பக் கிடைக்கவில்லைதான். ஆனால் கையெழுத்துப் போட்டவர்கள் வாங்கியதைவிட அதிகம்.

இதையெல்லாம்விட என்னை நோகடித்தது பி.எஃப். ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்புக்கில் முன்னால், பி.எஃப். கணக்கில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒரே ஆள் இல்லையாம், கிளெய்ம் ரிஜெக்ட்! நமக்கு சர்நேம் கிடையாது என்று அந்த சாஃப்ட்வேர் எழுதியவர்களுக்கு யாராவது சொல்லக்கூடாதா? அதை எழுதியதே நம்மூர்ப் பையனாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

சரி, உங்கள் விஷயம். இன்றைக்கே எச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள்: "என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள், எனக்கு விருப்பமில்லை." ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், அப்ரைசல் லெட்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் புரோகிராம் ஒரு வரிகூட வெளியே போகக்கூடாது, அதையே காரணமாக்கிவிடுவார்கள். தொழில் தீர்ப்பாயம் போக முன்பு மூன்று வருட அவகாசம் இருந்தது, இப்போது சமரச அதிகாரியிடமே இரண்டு வருடத்துக்குள் போய்விடவேண்டும்.